நெட் போச்சு போல

பேனா இருக்கு சார். பேனா இல்லாததால சொல்லல. கையெழுத்துப் போடமாட்டேன்னுதான் சொல்றேன்.

கோபமெல்லாம் இல்ல. ஒக்காருங்க. அந்த நாற்காலி ஒரு பக்கம் ஆடும், செவுத்தை ஒட்டி நகத்திக்கிட்டா ஆடாது. டீ ஆறிடும், எடுத்துக்குங்க. ஹெட் ஆபீஸ்லேர்ந்து அறிக்கையைக் கையோட எடுத்துக்கிட்டு என் வீடு தேடி வந்திருக்கீங்க. மெயில்ல அனுப்பியிருந்தா மாட்டேன்னு மெயில்லயே பதில் போட்டிருப்பேன், அது எழுத்துல நின்னிருக்கும். அதுக்காகத்தான் நேர்ல வந்தீங்களோ என்னமோ. சம்பிரதாயம்தான்னு சொல்றீங்க. வெறும் சம்பிரதாயத்துக்கு யாரும் ரயிலேறி வரமாட்டாங்க சார்.

படிக்காம எங்க சொல்றேன், இப்பத்தான உங்க கண்ணு முன்னாலயே ஒரு வரி விடாம படிச்சேன். குழுவில் எவரும் இக்குறையை எடுத்துரைக்கவில்லைன்னு எழுதியிருக்கீங்க. கூட்டங்களில் உறுப்பினர் பங்கேற்பு குறைவாக இருந்ததே காரணம்னு எழுதியிருக்கீங்க. அப்புறம், சோதனைப் பொறுப்பாளர் அறிந்தும் பேசாதிருந்தார், அவரை நீக்கலாம். அதுக்கு நேர் கீழ ஒரு கோடு, கோட்டுக்குக் கீழ என் பேரு. டீம் லீடா நான் கையெழுத்துப் போட்டாத்தான் அவரை வேலையைவிட்டு அனுப்ப முடியும். சரிதானே?

இல்ல சார், நான் அவரைக் காப்பாத்தணும்னு சொல்ல வரல. நீங்களா முடிச்சுக்காதீங்க. நான் இன்னும் சொல்லவே ஆரம்பிக்கல.

நடந்தது உங்களுக்குத் தெரியும்தான். ஆனா நீங்க எழுதியிருக்கிறது ஒண்ணு, நடந்தது ஒண்ணு. அதனால முதல்லேர்ந்து சொல்றேன், பொறுமையாக் கேளுங்க. நம்ம வேலை என்ன? ஆஸ்பத்திரியில படுத்திருக்கிறவங்க கட்டில் பக்கத்துல ஒரு பொத்தான் இருக்கும். அமுக்கினா நர்ஸ் மேசையில மணி அடிக்கணும், எந்தக் கட்டில்னு வெளக்கு எரியணும். அதுக்குத்தான் நாம சாஃப்ட்வேர் எழுதுறோம். கேட்டா இவ்வளவுதானான்னு தோணும். படுத்துக் கெடக்கறவருக்கு அதுதான் சார் வாய். புது அப்டேட்ல என்ன ஆச்சு, ரெண்டு கட்டில்லேர்ந்து ஒரே சமயத்துல அமுக்கினா ஒரு மணிதான் அடிச்சுது. இன்னொண்ணு காத்தோட போச்சு. அமுக்கினவருக்கு அது தெரியாது. அவரு அமுக்கிட்டு, யாராவது வருவாங்க வருவாங்கன்னு கதவையே பாத்துக்கிட்டு இருப்பாரு. அப்படிப் பாத்துப் பாத்து ஒரு பெரியவர், பாத்ரூமுக்குத் தானே போயிடலாம்னு எறங்கி விழுந்து, இடுப்பெலும்பு ஒடஞ்சுபோச்சு. உயிரோட இருக்காரு. இனிமே நடப்பாரான்னு தெரியல.

இத எங்க டீம்ல ஒருத்தர் முன்னாடியே கண்டுபிடிச்சாரு. நீங்க நீக்கலாம்னு எழுதியிருக்கீங்களே, அவரேதான். நாங்க அவரை ஒருவரின்னு கூப்பிடுவோம். எந்தத் தப்பைக் கண்டுபிடிச்சாலும் ஒரே வரியிலதான் எழுதுவாரு, அந்த ஒரு வரிக்கு மேல கேக்க ஒண்ணும் இருக்காது.

அத ஏன் மீட்டிங்ல சொல்லலன்னா, அதத்தான் சார் சொல்ல வந்தேன். நீங்க கேள்வியை முடிக்கிறதுக்கு முன்னாடியே பதிலையும் எழுதி எடுத்துட்டு வந்துட்டீங்க.

எங்க டீம்ல யாரும் ஒரு இடத்துல இல்ல. நான் இந்த ரூம்ல. முன்னால தட்டுமுட்டுச் சாமான் போட்டு வெச்சிருந்தோம், இப்ப மேசை போட்டிருக்கு, ஜன்னலத் தொறந்தா பக்கத்து வீட்டுத் தண்ணி மோட்டார். டிசைன் பண்ற பொண்ணு மாடிப்படிக்குக் கீழ ஒக்காந்திருக்கா, மேல யாராவது எறங்கினா அவ பேச்சோட சேந்து திடுதிடுன்னு கேக்கும். இன்னொருத்தர் வீட்ல ரெட்டைக் கொழந்தைங்க, அவரு மீட்டிங்குன்னா நேரா காருக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்குவாரு. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ இந்த ரெட்ரோ. எங்க மாமியார் ஒரு நாள் கேட்டாங்க, அது என்னம்மா ரெட்ரோன்னு. ரெண்டு வாரம் செஞ்ச வேலையைத் திரும்பிப் பாத்து, எது சரி எது தப்புன்னு எல்லாரும் மனசுவிட்டுப் பேசணும் அத்தைன்னு சொன்னேன். ஓஹோ, ஒருத்தர் மேல ஒருத்தர் குத்தம் சொல்றதா, அது நம்ம வீட்ல தெனமும்தான் நடக்குது, யாரு சம்பளம் தர்றா அப்படின்னாங்க.

சிரிங்க, பரவால்ல. நானும் சிரிச்சேன்.

ஆனா ரெட்ரோவுல யாரும் குத்தமும் சொல்லல, நல்லதும் சொல்லல. அது உண்மை, மறைக்கல. ஏதாவது உண்டான்னு கேப்பேன். கிணத்துல கல்லப் போட்ட மாதிரி, அதுக்கப்புறம் ஒண்ணுமே இருக்காது. அப்பத்தான் நம்ம டைரக்டர், பங்கேற்பை ஒசத்தறேன்னு கெளம்பினாரு. வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு மேல பழமொழி போட்டு மெயில் வந்துச்சு. மீட்டிங் ஆரம்பிக்கும்போது, நீங்க மிருகமாப் பொறந்திருந்தா எந்த மிருகம்னு எல்லாரும் சொல்லணும்னாங்க. கார்ல இருக்கறவரு ஆமைன்னாரு, கூட்டை விட்டு வெளிய வரமுடியலன்னு. அதுக்கப்புறம் ஒரு சக்கரம் கொண்டாந்தாங்க. ஸ்கிரீன்ல சுத்தும், யாரு பேருல நிக்குதோ அவங்க பேசியே ஆகணும். எங்க டிசைன் பொண்ணு சக்கரம் சுத்த ஆரம்பிச்சாலே மைக்கை அணைச்சுட்டு ஸ்லோகம் சொல்லுவேன்னா, தன் பேருல நிக்கக்கூடாதுன்னு. அப்புறம் ஒரு மெஷின் வந்துச்சு. யாரு எவ்வளவு நேரம் பேசினாங்கன்னு அளந்து, பட்டை பட்டையாப் படம் போட்டு அனுப்பும்.

அந்த மெஷினப் பத்திச் சொல்றேன் கேளுங்க. ஒரு தடவ நான் மைக்கை அணைக்க மறந்துட்டேன். எங்க மாமியார் டிவி ரிமோட்டைக் காணோம்னு வீடு பூரா தேடி, யாரு எடுத்தான்னு எல்லாரையும் ஒரு வழி பண்ணிட்டாங்க. அந்த வாரம் எங்க டீம்ல பட்டை ஒசரமா நின்னது எனக்குத்தான். டைரக்டர் பாராட்டி மெயில் போட்டாரு, துணிச்சலான பங்களிப்புன்னு. மாமியாருக்கு வாசிச்சுக் காட்டினேன். ரிமோட்டு இன்னும் கெடைக்கலன்னு அவருக்கு எழுதிப் போடுன்னாங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன். இதெல்லாம் போதாதுன்னு கடைசியா ஒண்ணு பண்ணினாங்க. மீட்டிங்ல பக்கத்துல எழுதறதுக்கு ஒரு இடம் இருக்குமே, சாட்டு, அதை மூடிட்டாங்க. எல்லாரும் அதுல எழுதிட்டுச் சும்மா இருந்துடறாங்க, வாயத் தொறந்து பேசட்டும்னு. ஒருவரி இத்தன வருஷமா அந்தச் சாட்டுலதான் சார் பேசிக்கிட்டு இருந்தாரு.

ஏன்னா அவருக்குப் பேச்சு திக்கும்.

உங்களுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. இப்ப நான் சொல்றதும் அவரு சொல்லலாம்னு சொன்னதாலதான். இல்லன்னா இது என் வாயிலேர்ந்து வந்திருக்காது. திக்கறதுன்னா நாம என்ன நெனைக்கிறோம், ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும்னு. அவருக்கு அப்படி இல்ல. சத்தமே வராது. வாய் தொறந்திருக்கும், வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து நிக்கும், மூச்சும் அதோட நிக்கும். எதிர்ல இருந்தா கண்ணால பாத்துப் புரிஞ்சுக்கலாம். கேமரா இல்லாத மீட்டிங்ல அது எப்படி இருக்கும் சொல்லுங்க?

ஆமாம். அச்சு அசலா நெட் போன மாதிரி இருக்கும்.

அவரும் அதையே ஒரு போர்வையாப் போத்திக்கிட்டாரு. எங்க ஊர்ல நெட் சரியில்லன்னு சாட்டுல எழுதுவாரு. கேமரா போட்டா இன்னும் மோசமாகும்னு எழுதுவாரு. நாங்களும் பாவம் மனுஷன்னு நெட் கம்பெனிக்காரனைத் திட்டிக்கிட்டு இருந்தோம். பள்ளிக்கூடத்துல வாத்தியார் கேள்வி கேட்டு இவரு எழுந்து நின்னா, பதில் வர்றதுக்குள்ள கிளாஸ் மொத்தமும் பதிலச் சொல்லிடுமாம். கடையில இவரு கேக்கறதுக்குள்ள கடைக்காரர் வேற எதையாவது எடுத்து வெச்சுடுவாராம். வேண்டாம்னு சொல்றதுக்கு ஆகிற நேரத்துக்கு, வாங்கிட்டே வந்துடுவாராம். எங்க வீட்ல வேண்டாத சாமான் நெறைய இருக்கு மேடம்னு எனக்கு எழுதினாரு. அதுவும் ஒரே வரியில.

அன்னிக்கு ரெட்ரோவுல என்ன நடந்துச்சுன்னா, அப்டேட்டு அன்னிக்கே போகுதுன்னு முடிவாயிருந்துச்சு. மீட்டிங் முடிஞ்ச ஒடனே அனுப்பறது, யாருக்காவது ஆட்சேபம் இருந்தா சொல்லணும். அன்னிக்குக் காலையிலதான் அவரு ரெண்டு போனை ரெண்டு கட்டில் பொத்தானா வெச்சு ஒரே சமயத்துல அமுக்கிப் பாத்திருக்காரு. ஒரு மணி அடிக்கல. திரும்பப் பாத்திருக்காரு. அடிக்கல. எழுதலாம்னா சாட்டு மூடியிருக்கு, ஆட்சேபத்த மீட்டிங்ல வாயாலதான் சொல்லணும்னு வேற உத்தரவு. சரி, இன்னிக்குப் பேசிடறதுன்னு முடிவு பண்ணி ஒக்காந்திருக்காரு. சக்கரமும் அவரு பேருலயே போய் நின்னுச்சு. அவருக்கு அது நல்லதாப் பட்டிருக்கு பாருங்க. ஆரம்பிச்சாரு. மணி விஷயத்துல எனக்கு, அப்படின்னாரு. நின்னுபோச்சு.

நாங்க எல்லாரும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தோம். நான் உள்பட, நெட்டுன்னுதான் நெனச்சோம். அதுக்குள்ள ஒரு குரல் வந்துச்சு. அதாவது அவருக்கு ஓகே, நெட் போச்சு போல, நாம அடுத்தவருக்குப் போகலாம்.

போயிட்டோம். சக்கரம் சுத்துச்சு. அப்டேட்டும் போயிடுச்சு.

யாருன்னு சொல்றேன். அவசரப்படாதீங்க. பேரைக் குடுங்க, அறிக்கையில சேத்து அந்த ஆள் மேலயும் நடவடிக்கை எடுத்துடலாம்னு சொல்றீங்க. எப்பவும் ஒருத்தர் பேரு வேணும் உங்களுக்கு. ஒண்ணு போனா இன்னொண்ணு. முதல்ல மிச்சத்தையும் கேளுங்க.

மீட்டிங் முடிஞ்ச கையோட எனக்கு ஒரு வரி வந்துச்சு. ரெண்டு பேர் அமுக்கினா ஒருத்தருக்கு அடிக்கல. நான் ஒடனே அவருக்குப் போன் பண்ணினேன். அவரு பேசினாரு. நான் காத்திருந்தேன். எவ்வளவு நேரம்னு பாக்கல சார், டீத்தூள் போட்ட தண்ணி கொதிச்சு வத்திப்போச்சு, அது மட்டும் தெரியும். ஆனா முழுசாச் சொல்லி முடிச்சாரு. நம்ம கம்பெனியில அவரு ஒரு விஷயத்த வாயால சொல்லி முடிச்சது அதுதான் முதல் தடவைன்னு அப்புறம் சொன்னாரு. அந்தச் சூட்டோட நான் டைரக்டர் ஆபீசுக்குப் போன் பண்ணி, அப்டேட்டைத் திரும்ப எடுங்கன்னேன். யாரோ அவருக்காகச் சொன்ன ஓகேவை அவரு கணக்குல வெச்சு, மீட்டிங்ல ஓகே சொன்னவரு இப்ப மாத்திப் பேசறாரான்னு கேட்டாங்க. காலையில பாக்கலாம்னாங்க. காலையில பாக்கறதுக்குள்ள அந்தப் பெரியவர் விழுந்துட்டாரு.

அந்தப் போன் உங்க அறிக்கையில எங்கயும் இல்ல. தேடிப் பாத்தேன்.

ஆதாரமா? மீட்டிங்ல ஏழு பேர் காது இருந்துச்சு சார். ஏழு பேரும் உயிரோட இருக்கோம். நீங்க ஒருத்தரையும் கேக்கல. பட்டைப் படத்துல ஒருவரிக்கு நேரா கண்ணுக்குத் தெரியற மாதிரி பட்டையே இல்ல, அதப் பாத்து எழுதிட்டீங்க, பேசாதிருந்தார்னு.

பேசாம இருந்தா சொல்லலன்னு ஆயிடுமா?

இல்ல, இருங்க. இப்ப இதுக்கு வர்றீங்களா. சரி, இதையும் பேசிடலாம். அந்த விபத்துக்கப்புறம் எங்க டீம்ல பங்கேற்பு இன்னும் கொறஞ்சுபோச்சு, மெஷின் கணக்குல நான் ஒருத்திதான் பேசறேன், மத்தவங்க வாயைக் கட்டிட்டேன், எனக்குப் பயிற்சி குடுக்கணும். அப்படித்தான எழுதியிருக்கீங்க கடைசிப் பக்கத்துல? என் பட்டை பனைமர ஒசரம் நிக்குது, மத்ததெல்லாம் புல்லு மாதிரி இருக்கு. பாத்தேன். ரொம்ப அழகா இருக்கு.

நான் என்ன பண்ணினேன்னு யாராவது கேட்டாங்களா? சக்கரத்தை எடுத்தேன். மிருகத்தையெல்லாம் காட்டுக்கு அனுப்பினேன். மீட்டிங் ஆரம்பிச்ச ஒடனே யாரும் பேசக்கூடாது. எல்லாரும் ஒரே பக்கத்துல அவங்கவங்களுக்குத் தோணினத எழுதணும், பேரு போடாம. காருக்குள்ளயும் மாடிப்படிக்குக் கீழயும் எல்லாரும் ஒரே சமயத்துல எழுதுவாங்க. கீபோர்டு சத்தம் மட்டும் கேக்கும், ஓட்டுமேல மழை மாதிரி. எழுதி முடிச்சப்புறம் நான் ஒண்ணொண்ணா வாசிப்பேன். கோபமா எழுதினதும் கெஞ்சி எழுதினதும் என் ஒரே குரல்ல வரும். அதனால யாரு சொன்னதுன்னு பாக்காம என்ன சொல்லியிருக்குன்னு பாக்க ஆரம்பிச்சாங்க. உங்க மெஷினுக்கு அது எல்லாம் நான் பேசறதாத் தெரியுது. அதுல என் வரி ஒண்ணோ ரெண்டோ இருந்தா அதிகம். மத்தது பூரா அவங்களோடது. அவங்க பேச்சத்தான் சார் நான் பேசறேன்.

வாசிச்சப்புறம் யாருக்காவது வாயால சொல்லணும்னா சொல்லலாம். அதுக்கு ஒரே ஒரு சட்டம். பேசறவங்க பாதியில நின்னா, நிக்கட்டும். நெட் போச்சுன்னு அவங்க சொல்லணும், நாம சொல்லக்கூடாது. அவங்க வாக்கியத்த நாம முடிக்கக்கூடாது. நல்லெண்ணத்துலயும் கூடாது.

முதல் தடவ அந்தச் சும்மா இருக்கறது எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு தெரியுமா. ஒருவரி ஆரம்பிச்சாரு, நின்னாரு. எனக்கு நாக்கு நமநமன்னுது. டிசைன் பொண்ணு மூச்சு விடறது கேக்குது. கார்ல இருக்கறவரு ஸ்டீயரிங்கைப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன்னாரு அப்புறம், எங்கயாவது ஓட்டிட்டுப் போயிடலாம்னு இருந்துச்சாம். ஆனா யாரும் வாயத் தொறக்கல. கடைசியா வந்துச்சு. என்ன சொன்னாருங்கறீங்க? நீங்க ரொம்ப வேகமா வாசிக்கிறீங்க மேடம், பாதி புரியலன்னாரு.

அத்தன பேரு மூச்சைப் புடிச்சுக் காத்திருந்தது, என் மேல ஒரு குத்தத்தக் கேக்கறதுக்கு. எனக்கு அன்னிக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு சார். அதுக்கப்புறம் நிறுத்தி நிறுத்தி வாசிக்கிறேன். பட்டை இன்னும் வளந்திருக்கும்.

அதுலேர்ந்து எங்க டீம்லேர்ந்து போன எந்த அப்டேட்டும் திரும்பி வரல. அதுக்கு உங்க மெஷின்ல பட்டை கெடையாது. அதனால உங்களுக்குத் தெரியாது.

தெரியும், தெரியும். நான் கையெழுத்துப் போடலன்னா என்னையும் டீம் லீட்லேர்ந்து எடுத்துடுவாங்க, டீமையே கலைச்சுடுவாங்க. எங்க வீட்டுக்காரரும் இதத்தான் சொன்னாரு, நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்ச ஒடனே. ஒனக்கு ஏன் இந்த வம்பு, ஊர்ல ஒலகத்துல இல்லாத டீமான்னாரு. நான் அவரைக் கேட்டேன், ஆஸ்பத்திரியில நீங்க படுத்திருந்து மணி அடிக்கலன்னா, பேஷன்ட் பொத்தானே அமுக்கலன்னு நான் எழுதிக் குடுக்கட்டுமான்னு. பேப்பரை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போயிட்டாரு. அவரு எதுக்கும் ரெண்டாவது கேள்வி கேக்கமாட்டாரு, நல்ல மனுஷன்.

எடுக்கட்டும் சார். கலைக்கட்டும். ஏழு பேரை ஏழு டீம்ல போட்டா, ஏழு இடத்துல ஒருத்தர் பேசும்போது காத்திருக்கத் தெரிஞ்ச ஒரு ஆள் இருப்பாங்க. அதுவும் நல்லதுதான். ஆனா எவரும் எடுத்துரைக்கவில்லைங்கற வரிக்குக் கீழ என் பேரு வராது. எடுத்துரைச்சாரு. எடுத்துரைக்க ஆரம்பிச்சாரு, நாம முடிச்சு வெச்சுட்டோம். அப்படி எழுதிக் கொண்டாங்க, நின்ன நிலையில போடறேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு உங்க டைரக்டர் சொன்னாருல்ல, வாய் எல்லாருக்கும் இருக்கு. கம்பெனியில காது எத்தன பேருக்கு இருக்குன்னு அளக்கறதுக்கு ஒரு மெஷின் வாங்கச் சொல்லுங்க அவரை.

இல்ல சார், மழுப்பல. யாருன்னு கேட்டீங்க, சொல்றேன்னேன், சொல்லிடறேன். உங்களுக்கும் ரயிலுக்கு நேரமாச்சு.

எங்க டீம்ல யாரும் இல்ல. அன்னிக்கு ஹெட் ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர் பார்வையாளரா வந்திருந்தாரு, பங்கேற்பு எப்படி இருக்குன்னு பாக்கறதுக்கு. மொகம் காட்டல, பேரும் போடல. ஒரு கறுப்புக் கட்டம், அதுல ஹெட் ஆபீஸ்னு மட்டும் இருந்துச்சு. அவரைத் திட்டணும்னு எனக்கு இல்ல. கெட்ட எண்ணத்துல சொல்லியிருக்கமாட்டாரு. மத்தவங்க நேரம் வீணாகக் கூடாதேன்னு, ஏன், ஒருவரிக்குச் சங்கடமா இருக்கக் கூடாதேன்னு கூடச் சொல்லியிருக்கலாம். சொன்னத அப்பவே மறந்திருப்பாரு. எங்களுக்கும் அது யாருன்னு இத்தன நாளாத் தெரியாது. குரல் மட்டும்தான் ஞாபகம் இருந்துச்சு.

இன்னிக்கு நீங்க வாசல்ல நின்னுகிட்டு, அதாவது நான் ஹெட் ஆபீஸ்லேர்ந்து வர்றேன்னீங்க பாருங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம்தான் உள்ள வாங்கன்னு சொல்லி டீ போட்டேன்.

சொல்லுங்க சார். ஏதோ சொல்ல வந்தீங்க.

பரவால்ல, மெதுவாச் சொல்லுங்க. எவ்வளவு நேரமானாலும் சரி, நான் குறுக்க பேசமாட்டேன்.